சன்னல் பக்கம்

“ஒனக்கு எந்தப் பக்கம் படுத்தாத் தூக்கம் வரும்?”

வாய்க்கரிசியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபோது செந்தாமரையின் காதுக்குள் கேட்டது அந்தக் கேள்விதான். கேட்ட மனிதர் அவளுக்கு முன்னால், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, கண்ணை மூடிக் கிடந்தார். அவர் அதைக் கேட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை.

“போடுத்தா. வெயிலு ஏறுதுல்ல” என்று பின்னால் நின்ற ஒருத்தி முதுகைத் தொட்டாள்.

செந்தாமரை குனிந்து போட்டாள். மூன்று தடவை போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவது தடவையிலேயே உள்ளங்கை காலியாகிவிட்டது. மூன்றாவது தடவை வெறும் விரலை அவர் உதட்டில் வைத்து எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை. நாத்தனார் கருப்பம்மாள்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் வரைக்கும், கருப்பம்மாளின் கண்ணுக்குத் தப்பி அந்தக் கேத வீட்டில் நடந்தது அது ஒன்றுதான்.

கருப்பம்மாள் காளையார்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள். செத்துப்போன வீரபாண்டியனுக்கு மூத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். செய்தி கேட்டு முதல் நாள் சாயந்திரமே வந்துவிட்டாள். தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அழுகை சற்று அடங்கிய பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, “உசுரு எங்க வச்சுப் போச்சு?”

“வண்டியில மதினி” என்றாள் செந்தாமரை.

“வண்டியிலன்னா அது வெளியில போன உசுரு. வெளியில போனத வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாது. வாசல்லயே பந்தலப் போடுங்கடா.”

பங்காளி வகையில் சித்தப்பா முறையாகிற சேவுகப்பெருமாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “காம்பவுண்டுக்குள்ளதானத்தா வண்டி நிக்கிது? அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு. அதுவும் வீடு மாதிரித்தான?”

“சக்கரம் இருக்குல்ல சித்தப்பா. சக்கரம் வச்சதெல்லாம் வீடா?”

சேவுகப்பெருமாள் பந்தலுக்கு ஆள் தேடிப் போனார். செந்தாமரைக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது. தொண்டை வரை வந்தது. எப்போதும் அவளுக்குத் தொண்டை வரைதான் வரும். அவரே தண்ணீர் ஊற்றி, அவரே கல் எடுத்துக் கொடுத்துக் கட்டிய வீட்டுக்கு வெளியே, வாடகைக்கு வந்த குளிர்பெட்டிக்குள், வாசல் பந்தலில் வீரபாண்டியன் ஒரு நாள் கிடந்தார்.

அந்த வண்டியின் கதை அந்தத் தெருவுக்கே தெரியும். வீரபாண்டியன் பாதி ஆயுசு கேரவன் ஓட்டியவர். படப்பிடிப்புக்குப் போகிற வண்டி. உள்ளே ஏசி, ஆளுயரக் கண்ணாடி, கக்கூஸ், கட்டில் எல்லாம் உண்டு. நடிகர்கள் நடிப்புக்கு நடுவில் அதில் ஏறி இளைப்பாறுவார்கள். அவர்கள் மெத்தையில் படுத்திருக்கும்போது ஓட்டிவந்தவர் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். பொள்ளாச்சியிலிருந்தும் குற்றாலத்திலிருந்தும் போன் பண்ணி, “இங்க சாரல் அடிக்கிது தாமர. ஒரு தடவ ஒன்னியக் கூட்டியாந்து காட்டணும்” என்பார். காரைக்குடிப் பெரிய வீடுகளில் படம் எடுக்க வந்தால் மட்டும் ராத்தங்க வீட்டுக்கு வருவார்.

போன வருஷம் கம்பெனிக்காரர், வண்டிக்கும் வயதாகிவிட்டது, ஓட்டுகிறவருக்கும் வயதாகிவிட்டது என்று இரண்டு பேரையும் ஒன்றாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரும்புக்கடைக்குப் போகவிருந்த வண்டியை வீரபாண்டியன் கேட்டு வாங்கி ஓட்டிவந்து, வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினார். பெயிண்ட் அடித்தார். ஒரு மூலையில் சின்ன அடுப்பு வைத்தார். “இம்புட்டு நாளும் ஊராருக்கு ஓட்டுனேன். இனிமே ஒனக்குத்தான்” என்றார்.

எதிர்வீட்டு ரேணுகா சும்மா இருப்பாளா? “எந்த நடிகை படுத்த மெத்தக்கா அது? அதுல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சாப் பெறகு எங்களோட எல்லாம் பேசுவீகளா?” என்று தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்டாள். செந்தாமரை சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

வெள்ளோட்டத்துக்குக் காளையார்கோவில்தான் போனார்கள். கோயில் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, அக்காளைப் பார்க்கப் போய், கையோடு அவளையும் வண்டிக்குக் கூட்டிவந்தார். கருப்பம்மாள் கதவருகே நின்று கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். படியில் கால் வைக்கவில்லை.

“ஏறி வாக்கா. ஏறி ஒக்காந்து பாரு.”

“கண்டவுக படுத்து எந்திரிச்ச எடத்துல நான் எதுக்கு ஒக்காரணும்? வீட்டுல நெல்லுமூட கணக்கா நாலு பாய் சுருட்டி வச்சிருக்கேன். பேசாம ரெண்டு பேரும் வந்து படுங்க.”

“வீட்டுல படுக்கவா வண்டி எடுத்தேன்? ஒரு தடவ ஏறு. ஒன் தம்பி வண்டி.”

“போடா. கூத்தாடி வண்டி.”

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியதைச் செந்தாமரை பார்த்தாள். கருப்பம்மாளும் பார்த்திருப்பாள். ஆனாலும் ஏறவில்லை.

கருப்பம்மாள் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அந்த மெத்தை ஆகாத மெத்தைதான். ஃபோம் மெத்தை. எத்தனை பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் கண்ணயர்ந்தார்களோ, நடுவில் ஓர் ஆள் கிடக்கிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது. ஆளுக்கு ஓர் ஓரமாகப் படுத்தாலும் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் குழிக்குள் உருண்டு வந்து முட்டிக்கொண்டார்கள். “இது நல்லாத்தான் இருக்கு” என்று அவர் சிரித்தார். அவளுக்கும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு குழிக்கு அடியிலிருந்த பலகை விளிம்பு இடுப்பில் ஏறியது. விடிந்தபோது அவளால் நிமிர முடியவில்லை. கோயில் பிராகாரத்தில் ஒவ்வொரு தூணாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்துகொண்டிருந்த வீரபாண்டியன் ஒவ்வொரு தூணிலும் அவள் கை போய்ப் படிவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் மெத்தைக் கடைகளுக்குப் போனார். கடையில் இருந்ததெல்லாம் சதுரம். வண்டிக் கட்டிலோ சதுரம் இல்லை. பின்சக்கரத்துக்கு மேலே தகரம் மேடாக எழும்பியிருந்ததால், உள்பக்கக் கால்மாட்டில் ஒரு மூலை வெட்டுப்பட்டிருந்தது. அதுவும் போக, விறைப்பான மெத்தை எதுவும் அந்தக் கதவு வழியாக நுழையாது. கடைசியில் ஒக்கூரிலிருந்து முத்துக்கருப்பனை வரச் சொன்னார். இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவர். இரண்டு பேரும் பழைய மெத்தையை மடக்கி, முழங்காலால் அழுத்தி, திட்டிக்கொண்டே வெளியே இழுத்துப்போட்டுச் சுற்றுச்சுவரில் சாய்த்தார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

முத்துக்கருப்பன் செய்தித்தாள்களை ஒட்டிக் கட்டில் அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டார். நீலக்கோடு போட்ட கெட்டித் துணியில் உறை தைத்தார். பஞ்சை அடிக்கும்போது முற்றமெல்லாம் பஞ்சு பறந்து, வீரபாண்டியனின் மீசை வெளுத்துப்போனது.

“எந்தப் பக்கம் கெட்டியா வேணும்ணே? சில பேரு தலமாட்டுல கேப்பாக, சில பேரு இடுப்புக்கு நேரா கேப்பாக” என்றார் முத்துக்கருப்பன்.

அப்போதுதான் வீரபாண்டியன் திரும்பி, அடுப்படி வாசலில் நின்றவளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“எந்தப் பக்கம்னா என்ன” என்றாள் செந்தாமரை. அந்நிய ஆள் முன்னால் இதென்ன கேள்வி என்று வெட்கமாக இருந்தது.

“அதெல்லாம் இல்ல. பஞ்சு அடைக்கிறதுக்கு முன்னாடிச் சொல்லணும். சொல்லு.”

அவள் யோசித்தாள். பிறந்த வீட்டில் அக்கா தங்கைகளுக்கு நடுவில் எந்த இடம் காலியோ அந்த இடம். கட்டிவந்த வீட்டில், முதலில் எழுந்திருக்க வேண்டியவள் என்பதால் கதவோரம். பிள்ளை பிறந்த பிறகு தொட்டில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அய்யப்பன் வளர்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பிறகு, ஆளில்லாத வீட்டில் டிவிக்கு முன்னால். எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டியின் சன்னல் நினைவுக்கு வந்தது. தள்ளித் திறக்கிற கண்ணாடிச் சன்னல். படுத்தபடியே வெளியே பார்க்கலாம்.

“சன்னல் பக்கம்” என்றாள்.

“கேட்டீகளா!” என்று வீரபாண்டியன் தொடையில் தட்டினார். “சன்னல் பக்கம், இடுப்புக்கு நேரா நல்லா அடைங்க. பலக இருக்கிறது தெரியவே கூடாது.”

“அப்ப அந்த வெட்டு மூலப் பக்கம் ஒங்களுக்கா? காலு நீட்ட முடியாதேண்ணே.”

“மடக்கிக்கிருவேன். பாதி ஆயுசு ஸ்டீரிங்குக்கு அடியில மடங்கிக் கெடந்த காலுதான.”

புது மெத்தையைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் விரித்தார்கள். நான்கு நாள் போனால் பஞ்சு அமுங்கும், அப்போது இன்னும் கொஞ்சம் அடைக்க வேண்டியிருக்கும் என்று முத்துக்கருப்பன் சன்னல் பக்க மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு இறுக்கித் தைக்காமல் சும்மா கோத்துவிட்டுப் போனார். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வீரபாண்டியன் வண்டிக்குப் போனார். சன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

“தாமர, ஒரு நிமிசம் வந்து படுத்துப் பாத்துட்டுப் போ.”

“பட்டப்பகல்லயா? ரேணுகா பாத்தா ஊரு பூராம் சொல்லுவா. நீக படுங்க. டீ போட்டுக் கொண்டாரேன்.”

பாத்திரம் விளக்கிவிட்டு, டீ போட்டு எடுத்துக்கொண்டு அவள் போனாள். உள்பக்கமாக, முழங்காலை மடக்கி, முகத்தைச் சன்னலுக்குத் திருப்பிக்கொண்டு அவர் படுத்திருந்தார். சன்னல் பக்கம் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உப்பலாக இருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

சங்கு ஊதியது. பாடையைத் தூக்க ஆள்கள் குனிந்தார்கள். திருப்பூரிலிருந்து ராத்திரியே வந்துவிட்ட அய்யப்பன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றான். பெண்களின் அழுகை ஏறியது. அதற்கு மேலே கருப்பம்மாளின் குரல் ஏறியது.

“டேய் மருது! பாயி, தலகாணி, உசுரு போன மெத்த, எல்லாம் கூடவே போகணும்டா. ஒண்ணு பாக்கி வைக்காத. வச்சா இருக்கிற பிள்ளைக்கு ஆகாது.”

செந்தாமரைக்கு அழுகை நின்றுவிட்டது. அந்த மெத்தையில் அவள் இன்னும் படுத்துப் பார்க்கவில்லை.

மருது கருப்பம்மாளின் மகன். புதுவயல் அரிசி ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். நல்ல பையன், ஆனால் எதையும் நின்று பார்த்துச் செய்கிறவன் இல்லை. வீட்டுக்குள் ஓடி ஒரு பாயையும் தலையணையையும் அள்ளிக்கொண்டு வந்தான். வண்டிப் பக்கம் ஓடினான். செந்தாமரை எக்கிப் பார்த்தாள். சுற்றுச்சுவரில் சாய்ந்திருந்த பழைய மெத்தையைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான். யாரோ முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பான். அதைக் கீழே சாய்த்தவன், நடுவில் விழுந்திருந்த குழியைப் பார்த்து ஓவென்று அலறினான்.

“எங்க மாமா படுத்த குழி அப்புடியே இருக்கே! அய்யோ, ஆளு படுத்திருக்கிற மாதிரியே இருக்கே!”

அதைக் கேட்டு, ஓய்ந்திருந்த பெண்களும் மறுபடியும் அழுதார்கள். கருப்பம்மாள், “என் ராசா” என்று மண்ணில் விழுந்தாள்.

அந்தக் குழியில் வீரபாண்டியன் ஒரே ஒரு ராத்திரிதான் படுத்திருந்தார். மற்றதெல்லாம் யார் யாரோ. ‘அது இல்ல மருது’ என்று சொன்னால் போதும். செந்தாமரையின் வாய்க்குள் அந்த வார்த்தைகள் தயாராகவே இருந்தன. ஆயுசு பூராவும் சொல்ல நினைத்ததையெல்லாம் அவள் பயந்துபோய் விழுங்கியிருக்கிறாள். அன்றைக்குப் பயம் இல்லை. தெரிந்தே விழுங்கினாள்.

மருது மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணீர் தெரியாமல் முகத்தை மறைத்துக்கொண்டு, பாடைக்குப் பின்னால் நடந்தான்.

சாயந்திரம் குளித்துவிட்டு வந்தவன், “கரும்பொகன்னா கரும்பொக அத்த, அப்புடி ஒரு பொக. சித்தப்பா தாத்தா இருமி இருமிச் சாகப் பாத்தாரு” என்றான். யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வண்டிச் சாவி செந்தாமரையின் இடுப்பில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஆனால் அவளாலும் வண்டிக்குப் போக முடியவில்லை. சுடுகாட்டில் பால் தெளிக்க வந்தவர்கள், துக்கம் கேட்க வந்தவர்கள் என்று வீடு நிறைய ஆள். நடுவீட்டில் விளக்குக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் எப்போதும் கருப்பம்மாள். வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதார்கள். பிறகு எழுந்து போனார்கள். கேத வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆகவே ஒருவர் இருப்பார், திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டார்.

உட்கார்ந்தே இருந்ததில் செந்தாமரைக்கு இடுப்பு வலித்தது. வலிக்கும்போதெல்லாம் சன்னல் பக்கத்து உப்பல் நினைவுக்கு வந்தது. கூடவே, ‘இருக்கிற பிள்ளைக்கு ஆகாது’ என்ற சொல்லும் வந்தது. அய்யப்பன் ஒரு தடவை தும்மினான். மொட்டை போட்ட தலை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அவள் எழுந்துபோய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பால் முடிந்த மறுநாள் கூட்டம் குறைந்தது. கருமாதிக்குக் கடிதம் அடிக்க அய்யப்பன் கடைவீதிக்குப் போயிருந்தான். மாடு கன்றைப் பார்க்க வேண்டும், ஊருக்குப் போய்விட்டுக் கருமாதிக்கு வருகிறேன் என்று கருப்பம்மாளும் பையைக் கட்டி வைத்திருந்தாள். வாசலில் மருது பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் முத்துக்கருப்பன் வந்தார்.

துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார்.

“எனக்கு நேத்துத்தானத்தா தெரியும். பஞ்சு எடுக்கப் போடிக்குப் போயிருந்தேன். அண்ணே மீசையில பஞ்சோட நின்னதுதான் கண்ணுல நிக்கிது.”

செந்தாமரை தலையை ஆட்டினாள்.

“ஒரு நாளுதான் படுத்திருக்காரு. அந்த மெத்தையும் சுடுகாட்டுக்குப் போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டுத்தான் வந்தேன். வாரப்ப வண்டிச் சன்னல்ல பாத்தா, உள்ள கெடக்கு. சுவத்துல சாத்துன பழசத்தான் காணாம். அந்த மூலையில தையலு பாக்கி இருக்கு. தச்சுக் குடுத்துட்டா...”

அவர் நிறுத்திக்கொண்டார். செந்தாமரையின் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார். பிறகு கருப்பம்மாளின் முகத்தையும் பார்த்தார்.

“எந்த மெத்த?” என்றாள் கருப்பம்மாள்.

விளக்குத் திரி ஒரு தடவை படபடத்தது. முத்துக்கருப்பன் எழுந்தார். “பெறகு வாரே...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டபடி வெளியேறினார்.

“ஏத்தா” என்றாள் கருப்பம்மாள். “மருது எரிச்சது எத?”

“பழச.”

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் மதினி.”

கருப்பம்மாள் அவளையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்தப் பெண் ஒரு காரியத்தை மறைத்துச் செய்வாள் என்று அவள் நினைத்ததே இல்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

“எந்திரி. வண்டியத் தெற.”

இரண்டு பேரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். செந்தாமரை பூட்டைத் திறந்தாள். கதவைத் திறந்ததும் அடைபட்டிருந்த சூடும் புதுத்துணி வாசமும் வெளியே வந்தன. கருப்பம்மாள் படிக்கு முன்னால் நின்றாள். ஒரு கையால் கதவைப் பிடித்தாள். விட்டாள். மறுபடியும் பிடித்தாள். முழங்கால் வலிக்காரி, படியும் உயரம். செந்தாமரை கை கொடுக்கப் போனாள். வேண்டாம் என்று தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினாள்.

உள்ளே நேராக நிற்பதற்குத்தான் இடம் இருந்தது. ஆணியில் வீரபாண்டியனின் சட்டை தொங்கியது. அடுப்புப் பலகையில், அன்றைக்கு வைத்த டீ டம்ளர் ஆடை படிந்து காய்ந்துபோய் இருந்தது. கட்டிலில் நீலக்கோடு போட்ட மெத்தை, இரண்டு தலையணை.

“இதுலயா?”

“ம்.”

“எங்குட்டு?”

செந்தாமரை உள்பக்கத்தைக் காட்டினாள். அங்கே பஞ்சு லேசாக அமுங்கியிருந்தது. மடக்கிய முழங்கால் இருந்த இடம்கூடத் தெரிந்தது. குழி என்று சொல்ல முடியாது. கை வைத்துத் தடவினால் போய்விடும்.

“அங்குட்டு?”

“அது எனக்கு” என்றாள் செந்தாமரை. சொன்ன சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. “சன்னல் பக்கம் எனக்குன்னு சொல்லித்தான் தச்சாக. நான் இன்னும் படுக்கல மதினி. மருதக் கூப்புடுறதுன்னா கூப்புடுங்க. ஆனா நான் படுத்துப் பாத்த பெறகு எடுக்கச் சொல்லுங்க.”

வெளியே மருது குரல் கொடுத்தான். “ஆத்தா, எங்க இருக்கீக? பொழுது சாயிதுல்ல, கெளம்பணும்ல?”

கருப்பம்மாள் மெத்தையின் உள்பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். கால்மாட்டில் வெட்டுப்பட்டிருந்த மூலையைப் பார்த்தாள். அதிலிருந்து தலையணை வரைக்கும் கண்ணாலேயே அளந்தாள்.

“காலு நீட்ட எடம் இல்லயேடா ஒனக்கு” என்றாள், மெத்தையைப் பார்த்து.

அமுங்கியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். தடவவில்லை. வைத்தபடியே இருந்தாள். ஏசி ஓடாத வண்டிக்குள் இரண்டு பேருக்கும் வியர்த்தது. கருப்பம்மாளின் நெற்றியிலிருந்து வழிந்தது கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்று, மடியில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

மருது மறுபடியும் கூப்பிட்டான். பைக் ஹாரனை ஒரு தடவை அழுத்தினான்.

கருப்பம்மாள் எட்டிச் சன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். சிக்கியது. இரண்டு கையாலும் தள்ளினாள். திறந்துகொண்டது. காற்று உள்ளே வந்து ஆணியில் தொங்கிய சட்டையை அசைத்தது. பிறகு உள்பக்கத் தலையணையை எடுத்தாள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைப் பிடித்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

செந்தாமரை சன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். இடுப்புக்குக் கீழே பஞ்சு கெட்டியாக நின்று தாங்கியது. பலகை இருப்பதே தெரியவில்லை. திறந்த சன்னல் வழியாக வாசல் தெரிந்தது.

“என்னாத்தா கையில?” என்றான் மருது.

கருப்பம்மாள் பையை அவனிடம் நீட்டிவிட்டுப் பைக்கில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். தலையணையை மடியில் வைத்தாள். ரோட்டுப் புழுதி படாமல் முந்தானையை இழுத்து அதன்மேல் மூடினாள். வீட்டையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போனாள்.